ரைட் இண்டிகேட்டர்

—அது ஹாரன் ஜரீனா. அதை அழுத்தினா தெருவே எழுந்து வந்துடும். அதுக்கு மேல, கட்டை விரலால லெப்ட் ரைட்டுன்னு தள்றோமே, அந்தப் பட்டன்.

—எது எதுன்னு எனக்குத் தெரியாதா? கை வழுக்கிடுச்சு, அதான் கத்திடுச்சு.

—அண்ணே, சத்தம் சவூதி வரைக்கும் கேட்டுதா?

—நல்லாக் கேட்டுது ஃபர்சானா. இங்க ரூம்ல நாலு பேரு தூங்கறானுங்க. வெள்ளிக்கெழமை ஒரு நாள்தான் அவனுங்களுக்கும் லீவு. செல்லை ஸ்பீக்கர்ல போட்டுட்டியா?

—போட்டுட்டேன். நீ அனுப்பின செல்லு செங்கல்லு கனம் இருக்குதுண்ணே. ஒரு கையில செங்கல்லு, இன்னொரு கையில ஸ்க்ரூ டிரைவரு. அண்ணி ஸ்டூலைப் போட்டு வண்டி முன்னாடி குந்திட்டாங்க. ஆபரேசன் பண்றாப்ல இருக்குது.

—அவ பேச்சை விடுங்க முதல்ல. நேரம் பத்தாவப் போவுது. பன்னெண்டு மணிக்கு அந்த ஆதிமூலம் வந்து நிப்பாருன்னு சொன்னீங்க.

—அதுக்குள்ள முடிஞ்சுடும். இண்டிகேட்டர் ரெண்டு பக்கமும் எரிஞ்சாத்தான் வண்டியை எடுப்பேன்னு கண்டிசனா சொல்லிட்டாரு. உப்பளத்துக்காரரு ஜரீனா. அவரு இன்ஜின் மோட்டாருங்களை நான் எத்தினி வருசம் ரிப்பேர் பாத்திருக்கேன். ஒரு பெல்ட்டு வாங்கினாக்கூட வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவாரு.

—ஏண்ணே, பதினஞ்சு வருசத்து வண்டியை வாங்கறவரு இண்டிகேட்டரைப் போயி பாப்பாரா? அது எரியலைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? உனக்கு எப்படித் தெரியும்?

—நான் கெளம்பும்போதே அது மக்கர் பண்ணிட்டிருந்துச்சு.

—எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே.

—உனக்கு உன் காலேஜ் பஸ் நம்பரே ஞாபகம் இருக்காது. பேசாம போனை அண்ணி வாய்க்கிட்ட புடி.

—மெக்கானிக் மீரான் ஊர்ல இருந்திருந்தா அவரு ஷெட்டுல விட்டிருப்பேன். தங்கச்சி கல்யாணம்னு கடலூரு போயிட்டாரு. சரி, சொல்லுங்க. என்ன பண்ணணும்?

—சாவியைப் போட்டு லெப்ட்ல தள்ளிப் பாரு.

—தள்ளிட்டேன். எரியுது. ஆனா கையை எடுத்தா பட்டன் நிக்க மாட்டேங்குது, நடுவுக்கு வந்துடுது.

—ரைட்டு?

—ரைட்டு சுத்தமா இல்ல.

—அப்போ பேட்டரியில சார்ஜ் இருக்குதா?

—இருக்குதுன்னுதான் நினைக்கறேன்.

—ரெண்டு வருசமா தார்ப்பாய் போட்டு மூடி வெச்ச வண்டி. பேட்டரி எப்பவோ செத்திருக்கணுமே.

—அண்ணே, அது வந்து, மீரான் அண்ணன் வாரா வாரம் வந்து ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டுப் போவாரு. வண்டி கெட்டுடக் கூடாதுன்னு.

—வாரா வாரமா?

—ஒரு வாரம் தப்பாது.

—நல்ல பையன் மீரான்.

—ரொம்ப நல்லவருண்ணே.

—ஃபர்சானா, நீ போனைப் புடிச்சா போதும். அப்புறம் சொல்லுங்க.

—சாவியை அணைச்சுடு. பட்டன் இருக்கற டப்பாவுக்கு அடியில தடவிப் பாரு, ரெண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். ரெண்டையும் கழட்டினா டப்பா ரெண்டாப் பொளந்துக்கும்.

—இருக்குது. திரும்ப மாட்டேங்குது. துருப்புடிச்சு உட்காந்துடுச்சு.

—நான் கழட்டட்டுமா அண்ணே? எனக்கு பலம் ஜாஸ்தி.

—வேணாம். அண்ணியே பண்ணட்டும்.

—ஏன், நான் பண்ணா ஆவாதா?

—பலத்துல திருப்பினா ஸ்க்ரூ மண்டை தேஞ்சுடும். அவளுக்குக் கை நிதானம், தையல் மிஷின்ல உட்கார்ற கை. ஜரீனா, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இரு. ஊறட்டும்.

—விட்டாச்சு. சாப்பிட்டீங்களா?

—இங்க மணி ஏழரைதான். குப்ஸ் ரொட்டி இருக்குது, டீ போட்டுக்கணும். அம்மா எங்க?

—கூனிமேட்டுக்குப் போயிருக்காங்க, உங்க பெரியம்மா வீட்டுக்கு. சாயங்காலம் போயிக் கூட்டிக்கினு வரணும்.

—எதுல கூட்டிக்கினு வருவ?

—எதுலன்னா? பஸ்சுலதான்.

—பஸ்சு ஏறினா அம்மாவுக்குத் தல சுத்துமே.

—இப்பல்லாம் சுத்தறதில்லண்ணே. காத்தோட்டமா வந்தா அம்மாவுக்கு ஒண்ணும் ஆவறதில்ல.

—ஃபர்சானா.

—சரி அண்ணி, நான் வாயைத் தெறக்கலை.

—ஏங்க, ஸ்க்ரூ அசையுது. ஒண்ணு வந்துடுச்சு. இன்னொண்ணும் வருது.

—மெதுவா, மெதுவா. பொளக்கும்போது கையை அடியில குடு. பட்டனுக்குக் கீழ ஒரு சின்ன ஸ்ப்ரிங்கு, அது தலையில கடுகு மாதிரி ஒரு குண்டு இருக்கும். அந்தக் குண்டுதான் பட்டனை லெப்ட்லயும் ரைட்லயும் நிறுத்தி வெக்கறது. அது மட்டும்—

—போச்சு.

—என்ன போச்சு?

—நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள குதிச்சுடுச்சு. ஸ்ப்ரிங்கு என் கையில இருக்குது, குண்டு இல்ல.

—அண்ணி, அதோ, துளசிச் செடிக்கு... இல்ல, மருதாணிச் செடிக்குக் கீழ மின்னுது பாருங்க. இருங்க, எடுக்கறேன். ச்சூ. ச்சூ. ஏய். அண்ணே, செத்தேன்.

—என்ன ஆச்சு?

—வெள்ளைக் கோழி.

—கோழிக்கு என்ன?

—முழுங்கிடுச்சு.

—உங்க அண்ணன் சிரிக்கறாரு பாரு ஃபர்சானா. ஏங்க, இது சிரிக்கற நேரமா? ரூம்ல தூங்கறாங்கன்னு சொன்னீங்க.

—எழுந்துட்டானுங்க. என்னடா விசயம்னு கேக்கறானுங்க, எங்க வீட்டுக் கோழி இண்டிகேட்டரைத் தின்னுடுச்சுன்னு எப்படிச் சொல்றது?

—இப்ப கோழியை அறுக்கணுமா அண்ணே?

—அறுக்க வேணாம். அந்தக் குண்டும் எப்படியும் தேஞ்சிருக்கும், அதான் பட்டன் நிக்கலை. கொல்லையில என் பழைய சைக்கிள் கெடக்குதா?

—கெடக்குது. அம்மா அதுல மொளகா காயப்போடறாங்க.

—அதோட பெடலைக் கழட்டு. உள்ள பால்ரஸ் குண்டு இருக்கும், பத்துப் பன்னெண்டு. கிரீஸைத் தொடச்சுட்டு ஒண்ணு எடுத்துக்கினு வா. இதுக்கு உன் பலம் தேவைப்படும்.

—அப்படிச் சொல்லு. அண்ணி, செல்லைப் புடிங்க.

—அவ போயிட்டாளா?

—போயிட்டா.

—எப்படி இருக்க?

—இருக்கேன். கையெல்லாம் மண்ணெண்ணெய் வாசனை. நீங்க வேலைக்குப் போயி வந்த அன்னிக்கு உங்க சட்டையில வரும் பாருங்க, அப்படி இருக்குது.

—புடிக்கலையா?

—புடிக்கலைன்னு யாரு சொன்னா. சரி, உள்ள பாக்கறேன். செம்புத் தகடு மூணு இருக்குது. மூணுலயும் பச்சை பூத்துப் போயி இருக்குது. வலது பக்கத்துத் தகடு எது, பச்சை எதுன்னே தெரியலை.

—அதான் விசயம். உப்புக் காத்து. நம்ம ஊர்ல வண்டி வெச்சிருந்தா ஆறு மாசத்துக்கு ஒரு தரம் இதைத் தெறந்து பாத்துடணும். கத்துக்கிட்டா பத்து நிமிச வேலை. கொஞ்சம் பெட்ரோல் வேணும். டேங்க் டியூப்பை உருவி ஒரு மூடியில புடிச்சுக்க. ஆனா பழைய பெட்ரோல் புளிச்சுப் போயிருக்குமே.

—இல்ல, இது புதுசுதான். நேத்து சாயங்காலம்தான் போட்டே—

—நேத்தா?

—போட்டாரு. மீரான். மீரான் போட்டாரு.

—கல்யாணத்துக்குப் போனவனா?

—போறதுக்கு முன்னாடி போட்டுட்டுப் போனாரு.

—ரொம்ப நல்ல பையன்.

—பல் வெளக்கற பழைய பிரஷ் எடுத்து வெச்சிருக்கேன். பெட்ரோல்ல நனைச்சுத் தேய்க்கணும், அவ்வளவுதானே?

—தேய்ச்சுட்டு, உப்புத்தாளை சின்னதாக் கிழிச்சு மடிச்சு, தகட்டு மேல லேசா இழு. அழுத்தாத. செம்பு மஞ்சளா மின்னினா போதும், நிறுத்திடு.

—ரெண்டு மின்னுது. மூணாவதுதான் அழிச்சாட்டியம் பண்ணுது. இருங்க. இருங்க. வந்துடுச்சு. மூணும் ஒரே கலரு.

—வாசலினை விரல் நுனியில எடுத்து மூணு மேலயும் தடவிடு. உப்பு உள்ள வராது.

—அண்ணே, குண்டு வந்தாச்சு. பெடலைக் கழட்டினப்போ மொத்தமும் சிதறிடுச்சு. கோழிக்கு முன்னாடி நான் ஓடினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு கோழிக்கு.

—இன்னொண்ணும் தின்னுடுச்சா?

—அது இனிமே முட்டை போடாது, பால்ரஸ்தான் போடும்.

—ஃபர்சானா, கையை ஆட்டாம குடு. ஏங்க, குண்டை ஸ்ப்ரிங்கு மேல வெச்சு பட்டனை அமுக்கிட்டேன். டக்குன்னு உட்காந்துடுச்சு. லெப்ட்ல தள்றேன், நிக்குது. ரைட்ல தள்றேன், நிக்குது.

—ஒயரு எதுவும் நசுங்காம டப்பாவை மூடு. ரெண்டு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முடுக்கு. பிஸ்மி சொல்லி சாவியைப் போடு.

—போட்டுட்டேன். லெப்டு எரியுது.

—ரைட்டைப் போடு.

—ஃபர்சானா, நீ பின்னாடி போயிப் பாரு.

—அண்ணி. எரியுது அண்ணி. பின்னாடி எரியுது. முன்னாடி, இருங்க, முன்னாடியும் எரியுது. அண்ணே, கண்ணு சிமிட்டுது அண்ணே.

—அல்ஹம்துலில்லாஹ். செல்லை வண்டி சீட்டு பக்கம் கொண்டு போ. அடியில ஃப்ளாஷர் இருக்கும். டக்கு டக்குன்னு சத்தம் வரும், அதைக் கேக்கணும்.

—இந்தா, வெச்சுட்டேன். கேக்குதா?

—கேக்குது.

—ஏங்க, போதுமா? அணைச்சுடட்டுமா?

—இல்ல. கேட்டுக்கினு இருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் வை.

—பேட்டரி போயிடும்.

—போவாது. அதான் மீரான் வாரா வாரம் சார்ஜ் ஏத்தறானே. சரி, அணைச்சுடு. ஜரீனா, ஆதிமூலம் இன்னொண்ணு கேட்டாரு. மீட்டர்ல எவ்வளவு ஓடியிருக்குதுன்னு பாத்துச் சொல்லு.

—மீட்டரா?

—கிலோமீட்டரு. அஞ்சு நம்பர் இருக்கும்.

—அது மங்கலா இருக்குதுண்ணே. கண்ணாடியில உப்பு படிஞ்சு—

—தாவணியால தொட.

—நாப்பத்தி ரெண்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு.

—நான் கெளம்பினப்போ முப்பத்தொம்பதாயிரம் சொச்சம்.

—அண்ணே, மீரான் அண்ணன் ஸ்டார்ட் பண்ணி வெச்சாருல்ல, அதுல ஓடியிருக்கும்.

—ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் பண்ணா மீட்டர் ஓடாது ஃபர்சானா. சக்கரம் தரையில உருளணும்.

—காத்துல உருண்டிருக்குமா?

—மூவாயிரம் கிலோமீட்டரா?

—போதும் ஃபர்சானா. செல்லை என்கிட்ட குடு. ஸ்பீக்கர்லயே இருக்கட்டும், நீயும் கேளு. ஏங்க.

—சொல்லு.

—வண்டியை விக்கக் கூடாது.

—ஏன்?

—நான் ஓட்டறேன்.

—என்னத்தை?

—வண்டியை. மீரான் வரவே இல்ல. ஒரு வாட்டி செயின் மாத்த நான்தான் அவரு ஷெட்டுக்கு எடுத்துக்கினு போனேன். ஒன்றரை வருசமா ஓட்டறேன்.

—யாரு கத்துக் குடுத்தது?

—நீங்கதான். ஆறு வருசம் பின்னாடி உட்காந்து உங்க காலைத்தானே பாத்துக்கினு வந்தேன். எந்த மேட்டுல எந்த கியரு போடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? காலையில தொழுதுட்டு, நானும் ஃபர்சானாவும் வண்டியை உப்பளத்து ரோட்டுக்குத் தள்ளிக்கினு போவோம். அங்க ஆளு இருக்காது. உப்பு வார்ற பொம்பளைங்க நாலு பேரு வருவாங்க, அவ்வளவுதான்.

—மூணாவது நாளு அண்ணி வண்டியோட பாத்தியில உழுந்துட்டாங்கண்ணே. எழுந்தா தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை. கொளஞ்சின்னு ஒரு அக்கா உப்பு வாரிக்கினு இருந்தது. அது ஓடி வந்து வண்டியைத் தூக்கிட்டு, “ஏம்மா, மொதலாளி பாத்தா உன்னையும் சேத்து மூட்டை கட்டிடுவாரு, ஏறு மறுபடியும்”னுச்சு. அந்தக்காதான் பின்னாடி புடிச்சுக்கினு ஓடி வரும், ஒரு வாரம்.

—அடி பட்டுதா?

—முட்டியில. ஆறிடுச்சு. உப்புத் தண்ணியாச்சே, எரிஞ்ச எரிச்சல்ல அன்னிக்கே பாதி ஆறிடுச்சு.

—எதுக்கு ஜரீனா?

—சுனாமி அன்னிக்கு அம்மாவை இழுத்துக்கினு மேட்டுப் பக்கம் ஓடினேனே, சொன்னேன் இல்ல. அம்மாவுக்கு மூச்சு வாங்குது, நடக்க முடியலை. வண்டி வாசல்ல நிக்குது. சாவி ஆணியில தொங்குது. பெட்ரோல்கூட இருந்துச்சு. ஓட்டத் தெரிஞ்ச ஆளு வீட்ல இல்ல. அல்லா காப்பாத்தினான், தண்ணி நம்ம தெருவுக்கு வரலை. அன்னிக்குத் திரும்பி வந்து வண்டியைப் பாத்தப்போ எனக்கு அதும் மேல கோவமா வந்துச்சு. அதுக்கப்புறம் என் மேல.

—என்கிட்ட ஏன் சொல்லலை?

—சொன்னா வேணாம்பீங்க. நீங்க வேணாம்னா நான் உட்டுடுவேன். அதான் கேக்கலை.

—அம்மாவுக்குத் தெரியுமா?

—அம்மாதான் மொதல்ல ஏறினாங்க. கிளியனூர்ல கண்ணு கேம்ப்பு. போவும்போது என் இடுப்பை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு ஓதிக்கினே வந்தாங்க. வரும்போது, “ஆடு மாடெல்லாம் நம்மளத் தாண்டிப் போவுது, இன்னும் கொஞ்சம் அழுத்தேன்”னாங்க.

—அம்மாவா சொன்னாங்க?

—சத்தியமா அண்ணே. இப்ப அம்மா பஸ்சு ஏறவே மாட்டேங்கறாங்க.

—நீங்க சிரிக்கறீங்களா, கோவமா இருக்கீங்களா? இங்கேருந்து ஒண்ணும் தெரியலை.

—பேசு நீ. எங்கெல்லாம் போவ?

—மகளிர் குழுவுல பை தெச்சுக் குடுக்கறோம் இல்ல, அதை வாரத்துக்கு ரெண்டு நாளு பொம்மையார்பாளையத்துக் கடைக்குக் கொண்டு போவேன். முன்னாடி ரெண்டு பஸ்சு மாறி, மூட்டையோட கண்டக்டர்கிட்ட திட்டு வாங்கி, அரை நாளு போவும். இப்போ பெரிய மூட்டையைப் பின்னாடி கட்டிடுவேன். குழுவுல பத்து பொம்பளைங்க இருக்கோம், பத்துப் பேரு தையலும் இந்த வண்டியிலதான் போவுது. எல்எல்ஆர் போட்டாச்சு. வர்ற புதன்கெழமை திண்டிவனத்துல லைசென்சு டெஸ்ட்டு. இண்டிகேட்டர் எரியலைன்னா வண்டியைத் திருப்பி அனுப்பிடுவாங்களாம். அதனாலதான் நீங்க தெறக்கச் சொன்னதும் தெறந்தேன். விக்கறதுக்காகத் தெறக்கலை.

—எட்டு போடத் தெரியுமா?

—அண்ணி பதினாறே போடுவாங்க.

—ஆதிமூலத்துக்கு நான் இப்ப என்ன பதில் சொல்றது ஜரீனா?

—நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பன்னெண்டு மணிக்கு வருவாருல்ல, நானே வாசல்ல நின்னு சொல்லிக்கறேன். மன்னிச்சுக்குங்க, வண்டி விக்கறதுக்கு இல்ல, ஓட்டறதுக்கு வீட்ல ஆளு இருக்குதுன்னு.

—அவரு வர மாட்டாரு.

—ஏன், வேற வண்டி பாத்துட்டாரா?

—அவரு வண்டியைக் கேக்கவே இல்ல.

—பின்ன? நீங்கதானே ரெண்டு வாரமா சொன்னீங்க, ஆதிமூலம் வர்றாரு, ஆதிமூலம் வர்றாருன்னு.

—போன மாசம் உப்பு லாரியில பாண்டிக்குப் போயிக்கினு இருந்திருக்காரு. பொம்மையார்பாளையத்துல முன்னாடி போன, மூட்டை கட்டின வண்டி ஒண்ணு, கையை நீட்டி ரைட்ல திரும்பியிருக்குது. டிரைவரு பிரேக்கு போட்டு நிறுத்தி, யாருன்னு பாத்தா நீ. அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிட்டாரு. “தௌபீக்கு, உங்க வீட்டம்மா நம்ம டிரைவரை விட நல்லா ஓட்டுதுப்பா, அந்த இண்டிகேட்டரை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடு”ன்னாரு.

—உனக்கு முன்னாடியே தெரியுமா அண்ணே?

—நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன் ஜரீனா. ஆனா அந்த ரோட்டுல பின்னாடி வர்ற லாரி எல்லாம் ஆதிமூலம் லாரி இல்லையே. என் கை அங்க எட்டாது, அதான் வண்டியை விக்கறேன்னு சொல்லி உன் கையாலயே தெறக்க வெச்சேன்.